காலாவதி இல்லாத பாட்டு

2069ஆம் ஆண்டு தை மாதத்தில் நவநீதன் தன்னுடைய கடைசி ஆல்பத்தைப் பாடி முடித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. சோமனூரில் தன் வீட்டு மாடியறையில், பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திவைத்து, பதினான்கு பாட்டுகளையும் தனியாகவே பதிவு செய்திருந்தார்.

ஒரு காலத்தில் கோவையிலும் திருப்பூரிலும் அவரைத் தெரியாத கல்லூரி கிடையாது. சோமனூர் விசைத்தறி ஊர். தறி ஓட்டாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்த மகனை அப்பா திட்டிய சொல்லையே அவர் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்: தறிகெட்டவன். ராப் என்றால் எதிராளியைக் கிழிக்க வேண்டும். நவநீதனும் கிழிப்பார். ஆனால் எவ்வளவு கோபம் வந்தாலும் அடியின் கடைசியில் ஒரு ‘ங்க’ போடாமல் அவருக்கு வாய் மூடாது. "உங்க மூஞ்சியப் பாத்துத்தான் பால் திரிஞ்சு போச்சுங்க" என்று அவர் ஆரம்பித்தால் கூட்டம் கூரையைப் பிய்க்கும்.

அவருக்குத் தாளம் கட்டிக் கொடுத்தவர் சபரிநாதன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து பத்து வருடம் ஓடினார்கள். பிறகு 2041இல் ஒரு நாள் நவநீதன் ரேடியோவைத் திருப்பியபோது அவருடைய குரலே ஒரு பற்பசையைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தது. அவர் பாடியதல்ல. நாதவனம் என்ற நிறுவனம் அவர் குரலை இயந்திரத்துக்குப் பழக்கி, இயந்திரத்தைப் பாட வைத்திருந்தது. அடுத்த மாதம் அதே குரல் தாலாட்டுப் பாடியது. அதற்கடுத்த மாதம் எதிரெதிரான இரண்டு கட்சிகளுக்கு ஓட்டுக் கேட்டது. நிஜமான நவநீதனை மேடைக்குக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. அவர்களுடைய பதிவுகள் எல்லாம் சபரிநாதன் வீட்டில்தான் இருந்தன. ஆகையால் குரலை விற்றது சபரிதான் என்று நவநீதன் முடிவு கட்டினார். கேட்கவில்லை, சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். சபரிநாதன் கருமத்தம்பட்டி நாலு ரோட்டில் பேக்கரி வைத்துப் பிழைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் போயிற்று.

இதற்குள் பாட்டுக் கேட்கும் முறையே மாறியிருந்தது. பாசிப்பயறு அளவுக்கு ஒரு மணியைக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். செவிமணி என்று பெயர். காது மந்தமானவர்களுக்குக் கேட்கவும் அது உதவும். அதில் ஒரு பாட்டை ஏற்றினால், நூறு தடவை கேட்டுப் பழகிய பாட்டைப்போல அது நினைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டும்போது மனதுக்குள் ஓடவிட்டுக் கேட்கலாம். எல்லாம் வாடகைப் பாட்டு. முப்பது நாளோ அறுபது நாளோ கழிந்தால் தேதி முடிந்து, பாட்டு தானாக மங்கி மறந்துபோகும்.

ஆல்பத்தை வெளியிட முடியுமா என்று நவநீதன் முதலில் நாதவனத்துக்குத்தான் எழுதினார். உங்கள் குரல் ஏற்கெனவே எங்களிடம் இருப்பதால் தாங்கள் நேரில் தேவையில்லை என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. அவர் மனைவி மிருதுளா கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அதைப் படித்துவிட்டு, பேசாமல் இலவசமாக விட்டுவிடுங்கள், அப்போதாவது நாலு பேர் எடுப்பார்கள் என்றார். அவர் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. நவநீதன் அதைப் புரட்சியாக எடுத்துக்கொண்டார்.

சோமனூர் பஸ் நிலையத்தில் இளவேனில் என்ற பெண் செவிமணிக் கடை வைத்திருந்தாள். அரசாங்கத்தின் பொது அலமாரியில் யார் வேண்டுமானாலும் பாட்டை வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கான படிவத்தை அவள்தான் நிரப்பினாள். பெயர், ஊர், பாட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிவிட்டு, காலாவதி நாள் என்ற கட்டத்தில் வந்து நின்றாள்.

"ஒரு தேதி சொல்லுங்க சார். ஆறு மாசம்னு போட்டுக்கட்டுங்களா?"

"என்ற பாட்டுக்கு ஏதும்மா காலாவதி? இல்லைன்னு போடு."

யாரும் அப்படிப் போடுவதில்லை, எதற்கும் ஒரு தேதி இருப்பது நல்லது என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நவநீதன் பேனாவை வாங்கி ‘இல்லை’ என்று தானே எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

முதல் வாரம் பதினோரு பேர் எடுத்தார்கள். அதில் நான்கு பேர் மிருதுளாவின் பழைய மாணவர்கள். இரண்டாவது வாரம் மூவாயிரம். பங்குனி பிறப்பதற்குள் நான்கு லட்சத்தைத் தாண்டியது. நவநீதன் தலைக்கு மறுபடியும் சாயம் பூசினார். காலையில் பால் வாங்கப் போகும்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார்.

கடிதங்களும் வரத் தொடங்கின. அவிநாசிச் சார்பதிவாளர் எழுதியிருந்தார்: பத்திரத்தை வாசிக்க ஆரம்பித்தால் கை மேசையில் தாளம் போடுகிறது, வாய் தானாக ‘கிழக்கே கிணறுங்க, மேற்கே வேலியிங்க’ என்று போகிறது, மக்கள் பத்திரம் முடிந்ததும் கைதட்டுகிறார்கள். பல்லடத்திலிருந்து ஒரு பல் மருத்துவர், ஏழாவது பாட்டு தலைக்குள் ஓடும்போது தன்னால் நோயாளியின் வாயில் நிதானமாக வேலை செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஈரோட்டில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். பதினோராவது பாட்டில் பன்னிரண்டு பிழைகள் இருக்கின்றன, ஒன்றைக்கூடத் தன்னால் மறக்க முடியவில்லை, உடனடியாகத் திருத்தித் தரவும் என்று அவர் கேட்டிருந்தார். நவநீதன் இவை எல்லாவற்றையும் ரசிகர் கடிதங்கள் என்றே ஒரு கோப்பில் போட்டு வைத்தார்.

சித்திரையில் ஒரு நாள் முற்பகல் இளவேனில் வீட்டுக்கு வந்தாள். மிருதுளா கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, நான்கு லட்சம் எப்படி வந்தது என்று விளக்கினாள்.

"யாரும் கேட்டு எடுக்கலைங்க சார். புதுசா மணி வெச்சா, வேலை செய்யுதான்னு பாக்க ஏதாச்சும் ஒண்ண ஏத்திப் பாக்கோணும். எல்லாக் கடையிலயும் அலமாரியில மேல எது இலவசமா இருக்குதோ அதைத்தான் ஏத்துவோம். இந்தத் தடவை மேல இருந்தது உங்க ஆல்பமுங்க."

நவநீதன், ஏற்றினால் என்ன, பிடிக்காதவர்கள் அழித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார்.

"மணி எதையும் அழிக்காதுங்க. தேதி வந்தா மங்க வைக்கும், அவ்வளவுதான். நீங்க தேதியே இல்லைன்னு எழுதிட்டீங்க. அந்த நாலு லட்சம் பேருக்கும் உங்க பாட்டு இனி சாகற வரைக்கும் மறக்காதுங்க."

மிருதுளா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இளவேனில் வந்த காரணம் அதுவும் இல்லை. ஒன்பதாவது பாட்டுத்தான் காரணம். அந்தப் பாட்டின் பதினாறு அடியிலும் நவநீதன் இருபத்தெட்டு வருடக் கோபத்தை இறக்கி வைத்திருந்தார். முதல் நாலு அடி இவை:

கூட நின்ன கூட்டாளிதான் குரல வித்தானுங்க,
கூசாம அந்தக் கையாலயே பன்னு சுட்டானுங்க,
கருமத்தம்பட்டி நாலு ரோட்டுல எடது பக்கமுங்க,
கண்ணாடிக்குள்ள அடுக்கியிருக்கறது என்ற ரத்தமுங்க.

முகவரி சரியாக இருந்ததால் ஆட்கள் சரியாக வந்தார்கள். வந்தவர்கள் சண்டை போட வரவில்லை. டீ குடிக்கத்தான் வந்தார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியையும் பப்ஸையும் பார்த்ததும் வாய் தானாக முணுமுணுத்துவிடும். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு பாதி டீயில் எழுந்து போவார்கள். தேங்காய் பன் வாங்கினால் ‘ரத்தமுங்க’ என்ற சொல் தொண்டையில் வந்து நிற்பதாக ஒரு டீச்சரம்மா அழுதாராம். இருபத்தைந்து வருடமாக வந்துகொண்டிருந்த பால்காரர் சபரிநாதனிடம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்தக் குரலை நீங்கள் விற்றிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாட்டாகக் கேட்டது என்பது பலருக்கு மறந்துபோய், தமக்கே தெரிந்த விஷயமாக அது உட்கார்ந்துவிட்டது. சபரிநாதன் பத்து நாளாகக் கடை திறக்கவில்லை.

"அவங்க சம்சாரம் கிருத்திகாம்மாவுக்குக் காது மந்தமாயிருச்சுன்னு போன மாசம் மணி வெச்சது நான்தானுங்க," என்றாள் இளவேனில். "சோதிக்க உங்க ஆல்பத்தத்தான் ஏத்துனேன். நான் எதையும் யோசிக்கலை. காது கேட்டு வீட்டுக்குப் போனதும் அந்தம்மா புருசங்கிட்டக் கேட்ட மொதக் கேள்வி, நீங்க எதுக்குங்க நவநீதண்ணன் குரல வித்தீங்கன்னு."

நவநீதன், பாட்டில் உள்ளது உண்மைதானே, உண்மை உறுத்தத்தான் செய்யும் என்றார். குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. இளவேனில், அது உண்மையாக இருந்தால் என் மனமும் ஆறும் என்று நினைத்துத்தான் நாதவனத்துக்கு எழுதி, குரலைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட பழைய ஒப்புதல் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

மிருதுளா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 2041, கோவையில் ஒரு வணிக வளாகத் திறப்பு விழா. ‘என் குரலைத் தங்கள் எல்லாச் சேவைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ கீழே நவநீதனின் கையெழுத்து, அவர் ரசிகர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் அதே வளைவுகளுடன். அதற்கும் கீழே: ‘பெற்றுக்கொண்டது, மட்டன் பிரியாணி ஒன்று, தயிர்ப் பச்சடி ஒன்று.’

"பச்சடி வேற குடுத்திருக்காங்க," என்றார் மிருதுளா.

அன்றும் மறுநாளும் நவநீதன் அது பொய்க் கையெழுத்து என்று சாதித்தார். மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போது அந்தப் பிரியாணியின் வாசனை உட்பட எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. உணவுக்கூப்பன் கொடுத்த பெண் நீட்டிய தாள். வரிசையில் நின்ற எரிச்சல். வாய் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கருமத்தம்பட்டி பஸ்ஸில் ஏறினார். கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பேக்கரியின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். சபரிநாதன் காலி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்து, லேசாகத் தொந்தி விழுந்திருந்தது. வந்த ஆளைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். நவநீதன் உட்காராமல், தாளை மட்டும் நீட்டினார்.

சபரிநாதன் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "பிரியாணித் தாளா?" என்று கேட்டார்.

"உனக்குத் தெரியுமாடா?"

"பக்கத்துல நானுந்தான நின்னேன். படிச்சுப் பாத்துப் போடுன்னேன். பசிக்குதுன்ன. பாதிப் பிரியாணி நான் தின்னேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு."

"இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

சபரிநாதன் துணியை உதறி மடித்தார். "சொல்லலாம்னு நாலஞ்சு தடவை சோமனூர் வரைக்கும் வந்தேன். என்மேல கோவமா இருந்தாலாவது நீ நிமிந்து நடப்பே. ஒரு பொட்டலத்துக்குத் தொண்டையக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா உக்காந்துருவியாட்ட இருந்துது. சரி, என்னையே திட்டிட்டுப் போகட்டும்னு திரும்பிப் போயிட்டேன். அது நாலு லட்சம் பேரு தலையில ஏறும்னு யாரு கண்டா?"

நவநீதன் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. மேடையில் நிமிடத்துக்கு இருநூறு சொல் சொன்னவர், ஸ்டூலில் உட்கார்ந்து ‘சபரி’ என்று மூன்று தடவை சொன்னார். அதற்குள் பின்வாசல் வழியாகக் கிருத்திகா வந்துவிட்டார். அவருக்கு மன்னிப்பில் அக்கறை இல்லை.

"அண்ணா, இவரு வித்திருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். கலியாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சு, தெரியாமப் போகுமா? ஆனா தலைக்குள்ள உங்க குரலு வித்தான் வித்தான்னு சொல்லிக்கிட்டே கெடக்குதுங்க. இவரு தட்டுல சோறு போடறப்பக்கூடச் சொல்லுது. ஏத்துனது நீங்க, எறக்கறதும் நீங்கதான்."

இறக்க முடியாது என்று இளவேனில் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு வழி இருந்தது. அதே தாளத்தில், அதே ‘ங்க’ முடிப்பில், அதே நீளத்தில் இன்னொரு பாட்டு மனதில் பழகிவிட்டால், முதல் பாட்டு எழும்போதெல்லாம் இரண்டாவதும் ஒட்டிக்கொண்டு எழும். அழியாவிட்டாலும் தனியாக நிற்காது. நவநீதன் இரண்டு நாளில் பதினாறு அடி எழுதினார். தொடக்கம் இது:

தாள வாங்கிக் கையெழுத்திட்டது இந்தக் கையிங்க,
சபரி குரல வித்தான்னு சொன்னது பச்சப் பொய்யிங்க,
படிச்சுப் பாத்துப் போடுன்னு சொன்னது அவனுங்க,
பசிக்குதுன்னு படிக்காமப் போட்டது நானுங்க.

இளவேனில் அதைப் பொது அலமாரியில் வைத்தாள். ஒரு மாதத்தில் இரண்டே பேர் எடுத்தார்கள். ஒருவர் மிருதுளா. மற்றவர் ஈரோட்டுப் பேராசிரியர், அவர் இரண்டு திருத்தங்கள் அனுப்பினார். தறிகெட்டவன், இலவசம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்தாலே மக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைக்காரர்கள் மணியைச் சோதிக்கக் குயில் சத்தத்துக்கு மாறிவிட்டார்கள்.

ஆகவே நேராகக் காதில் சொல்வது ஒன்றுதான் மிச்சம். மணி இல்லாமல் வெறும் காதால் கேட்டு ஒரு பாட்டு பதிய வேண்டுமானால் முப்பது நாற்பது தடவையாவது கேட்க வேண்டும் என்றாள் இளவேனில். முகவரி எல்லோருக்கும் தெரியும், வருகிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். சபரிநாதன் கடையைத் திறந்தார். நவநீதன் தினமும் காலை ஏழு மணிக்கு முதல் பஸ்ஸில் வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒருவர் டீ சொன்னதும் நவநீதன் ஆரம்பிப்பார். பதினாறு அடி. முதலில் ஆட்கள் பயந்தார்கள். சிலர் டம்ளரோடு ரோட்டுக்கு ஓடினார்கள். நவநீதன் பின்னாலேயே போய், மிச்சம் எட்டு அடிதானுங்க என்று கெஞ்சி முடித்துவிட்டு வருவார். மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்கும். கூட்டம் சேர்ந்தால் சபரிநாதன், டீ ஆறிவிடும், சீக்கிரம் சொல்லி முடி என்பார். நாளடைவில் அவரால் சும்மா இருக்க முடியாமல், பிஸ்கட் டப்பாவின் அடியில் விரலால் தாளம் கொடுக்க ஆரம்பித்தார். அதன் பிறகு ஓடியவர்கள் நின்றார்கள்.

அவிநாசிச் சார்பதிவாளர் அலுவலக ஜீப்பில் வந்து இரண்டு தடவை கேட்டுவிட்டு, வேண்டுமென்றே வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். பால்காரர் இருபதாவது தடவை கேட்ட அன்று சபரிநாதனிடம் எதுவும் சொல்லாமல் ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார். நான்கு லட்சம் பேரும் வந்துவிடவில்லை. மதுரையிலும் நாகர்கோவிலிலும் இன்றைக்கும் யாரோ சபரிநாதனைத் திருடன் என்று நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் நவநீதனுக்கு அடுத்த டீக்குக் குரல் கம்மியாகத்தான் வரும்.

புரட்டாசியில் ஒரு மாலை, மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடையில் அவிநாசிச் சார்பதிவாளரையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நவநீதன் பதினாறு அடியையும் முடித்துவிட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த சபரிநாதன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நவநீதா, அந்த ஒம்பதாவது பாட்ட ஒருக்கா சொல்லு."

நவநீதனுக்கு விளங்கவில்லை.

"எனக்கு மணி கெடையாதுல்ல. ஊரே கேட்டுருச்சு, நான் இன்னும் கேக்கலை. எல்லாரும் ரெண்டு வார்த்தை முணுமுணுத்துட்டு வாயப் பொத்திக்கறாங்க. முழுசா எப்படி இருக்கும்னு ஆறு மாசமாப் பாத்துட்டு இருக்கேன்."

நவநீதன் முடியாது என்று தலையாட்டினார். சபரிநாதன் விடவில்லை. கடைசியில் நவநீதன் கண்ணை மூடி ஆரம்பித்தார். ‘கூட நின்ன கூட்டாளிதான்’ என்பது வரை வந்தது. அதற்கு மேல் ‘கையிங்க, பொய்யிங்க’தான் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதுவே. அவரும் தன் காதில் மணி வைத்துக்கொண்டதில்லை. எழுதிய ஆள் மறந்துவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டு எழுத்துப் பிசகாமல் தெரியும். அத்தனை பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிருத்திகாதான் எச்சில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல், மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல, பதினாறு அடியையும் சொன்னார். நவநீதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சபரிநாதன் தலையைச் சாய்த்துக் கேட்டார். ‘ரத்தமுங்க’ வந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் விரலால் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, நல்லாத்தான எழுதியிருக்கே," என்றார். "மூணாவது அடி மட்டும் தாளத்துக்கு மேல அரை மாத்திரை நீளமா ஓடுது. நான் கூட இருந்திருந்தா ரோட்டுப் பேர எடுக்கச் சொல்லியிருப்பேன்."

நவநீதன் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. சபரிநாதன் பிஸ்கட் டப்பாவை மடிக்கு இழுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மீதி பதிமூன்று இருக்கிறதாமே, ஒன்றாவதிலிருந்து சொல் என்றார். மறந்துபோன இடங்களைச் சார்பதிவாளர் எடுத்துக் கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நவநீதன் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் பாட்டைத் தொடங்கினார்.